பிக்கப் டிரக்கில் முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் வீட்டிலேயே மாற்றுவது: உதறல் ஏன் திரும்பி வருகிறது?

பிப்ரவரி 11 – ஒரு வாசகரின் கேள்வி

என் பிக்கப்பில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. போன வருடம் இதே தொல்லைக்காக முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் பேடும் புதிதாகப் போட்டேன். கொஞ்ச காலம் நன்றாக இருந்தது, அப்புறம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது, சரக்கு சரியில்லை என்கிறார்கள். இந்த முறை உயர்ந்த ரக டிஸ்க் வாங்கி நானே மாட்டலாம் என்று இருக்கிறேன். கஷ்டமான வேலையா?

பிப்ரவரி 11, இரவு

வேலை கஷ்டமில்லை. சரியான கருவிகளும் அவசரமில்லாத ஒரு பகல் பொழுதும் இருந்தால் போதும். ஆனால் எவ்வளவு உயர்ந்த ரகம் வாங்கினாலும், போன முறை மாட்டிய அதே விதத்தில் மாட்டினால் அதே உதறல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாதாரண ஓட்டத்தில் வார்ப்பிரும்பு டிஸ்க் வளைவது அரிது. பெரும்பாலும் நடப்பது இதுதான். சக்கரமும் டிஸ்க்கும் மாட்டியிருக்கும் நடுப்பகுதிதான் ஹப். டிஸ்க் உட்காரும் அந்த ஹப் முகத்தில் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை அதன் மேலேயே வைத்து வீல் நட்டை இறுக்கினால் டிஸ்க் ஒரு பக்கமாக மயிரிழை சாய்ந்து உட்காரும். கட்டில் காலுக்கடியில் கூழாங்கல் மாட்டிக்கொண்ட கதை. ஹப்பில் 0.05 மில்லிமீட்டர் துருப் பொருக்கு இருந்தாலே போதும், டிஸ்க்கின் விளிம்பு மையத்திலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் அங்கே அது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் ஆட்டமாகப் பெருகிவிடும்.

முதல் நாள் இது காலுக்குத் தெரியவே தெரியாது. பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நகர்ந்து கொடுக்கும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் அந்தச் சாய்ந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டர் போனபின் அந்த இடம் மட்டும் தேய்ந்து டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே ஸ்டீயரிங்கில் உதறலாகத் தெரியப் போதும். "கொஞ்ச காலம் நன்றாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கிடைத்த துப்பு. பிறவிக் குறையுள்ள டிஸ்க் என்றால் முதல் நாளே உதறியிருக்கும்.

பிப்ரவரி 12

சரி, வேலைக்கு வருவோம். ஏற்கனவே தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

சமதரை. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கில் தூக்கியவுடன் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கின் ஒரு ரப்பர் வளையத்தை நம்பி இரண்டு டன் வண்டியின் கீழே கையைவிடக் கூடாது. கழற்றின சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஸ்டாண்ட் நழுவினாலும் ஒரு தடை இருக்கும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று சந்தேகம் வந்தால் இன்னொரு சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

காலிப்பர் வழுக்கி நகர்வது இரண்டு ஸ்லைடு பின்களின் மேல், அவற்றின் போல்ட் இரண்டையும் கழற்றினால் காலிப்பர் வந்துவிடும். அதை பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஒரு கம்பியை வளைத்துச் சஸ்பென்ஷன் சுருளில் மாட்டிவிடுங்கள். வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே கிழிந்து ஒருவழி வால்வு மாதிரி நடந்துகொள்ளும், மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அப்படி ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடும்.

பிறகு பேடுகள், பிறகு காலிப்பரையும் பேடையும் தாங்கும் பிராக்கெட், பிறகு டிஸ்க். பிராக்கெட் போல்ட் பெரியது, நல்ல இறுக்கமாக இருக்கும், நீளமான கைப்பிடி வேண்டும். போல்ட் வெளியே தெரியும்படி ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்தால் ஸ்பேனர் போட இடம் கிடைக்கும்.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமான பகுதி இனிமேல்தான். டிஸ்க் வெளியே வந்ததும் அவசரப்பட்டுப் புதியதை எடுக்காதீர்கள். ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்து, உலோகம் வெளிறித் தெரியும்வரை தேயுங்கள். டிரில்லில் மாட்டும் பிரஷ் இருந்தால் இன்னும் நல்லது. வீல் நட் ஏறும் ஸ்டட் ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும், நடுவில் எழும்பி நிற்கும் வளையத்தின் மூலையிலும்தான் துரு ஒளிந்திருக்கும், பிரஷ் அங்கே எளிதில் போகாது. விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பொருக்கு விரலுக்குத் தெரியும். மொத்த வேலையில் பாதி நேரம் இதற்கே போனாலும் சந்தோஷம்தான் என்பேன்.

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனரோ, சோப்பும் சுடுநீருமோ, ஏதாவது ஒன்றால் இரண்டு பக்கமும் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சாம்பல் நிறப் பூச்சோடு வரும் டிஸ்க் என்றால் பூச்சைச் சுரண்ட வேண்டாம், பேட் படுகிற இடத்தில் தானாகவே தேய்ந்து போய்விடும்.

பிப்ரவரி 14

"பேட் மட்டும் மாற்றினால் போதாதா, டிஸ்க் எதற்கு?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு மேலே தாராளமாக இருந்து, உதறலும் ஆழமான கோடுகளும் இல்லையென்றால் பேட் மட்டும் போதும். வெர்னியர் இதற்குச் சரிப்படாது, ஏனென்றால் விளிம்பில் தேயாத வரப்பு ஒன்று நிற்கும், அதன் தாடை அந்த வரப்பைத்தான் அளக்கும். புதிதில் 28 மில்லிமீட்டர் இருந்த டிஸ்க்குக்கு எல்லை 26 என்பது மாதிரி இருக்கும், ஆக தேய இடம் கொஞ்சம்தான்.

எதை மாற்றினாலும் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக்கில் வண்டி இழுக்கும்.

பேட் எப்போது? உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடலாம். பேட் தீரும்போது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும் தகட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பல வண்டிகளில் அது உள் பேடில் மட்டும்தான் இருக்கும், வெளிப் பேட் முதலில் தீர்ந்தால் சத்தமே போடாது.

பிப்ரவரி 15

பழைய பேடுகளைத் தூக்கிப் போடுவதற்கு முன் நாலையும் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வண்டியின் வரலாறு அதில் இருக்கிறது. உள் பேட் வெளிப் பேடைவிடச் சற்று அதிகம் தேய்ந்திருப்பது இயல்பு. உள்ளே தகடு தெரிகிற அளவு தீர்ந்து வெளியே பாதிக்கு மேல் இருந்தால் ஸ்லைடு பின் இறுகிக் காலிப்பர் நகரவில்லை, அல்லது காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்கவில்லை. ஒரு முனை மெலிந்து ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால் பிராக்கெட்டில் பேட் உட்காரும் தாடையில் துரு ஏறி பேட் கோணலாக நின்றிருக்கிறது.

என் சித்தப்பா வண்டியில் இதைப் பார்த்தேன். வலது முன் சக்கரத்தின் உள் பேட் சுத்தமாகக் காலி, இடது பக்கம் நாலு வருடம் ஓடும் போல இருந்தது. பின்னை உருவினால் வரவில்லை, முறுக்கி முறுக்கித்தான் எடுத்தோம். அதற்கு முன் வேலை பார்த்த பட்டறையில் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் பின்னில் தடவியிருந்தார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கில் இருக்கும் ரப்பர் ஊதிப்போகும், ஊதிய ரப்பர் பின்னைக் கவ்விக்கொள்ளும். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் செயற்கை கிரீஸ் மட்டும்தான். அதுவும் மெல்லிய பூச்சாக. குழிக்குள் அடைத்துவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் பின் திரும்பத் துள்ளும்.

இன்னொன்று, மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்று போலத் தெரியும், ஆனால் சில வண்டிகளில் ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும். இடம் மாற்றிப் போடாதீர்கள்.

பிப்ரவரி 15, இரவு

பிராக்கெட் தாடையில் இருக்கும் எஃகுக் கிளிப்புகளைக் கழற்றி அடியில் இருக்கும் துருவையும் எடுக்க வேண்டும் என்று மேலே எழுத விட்டுப்போயிற்று. புதுக் கிளிப் பேடோடு வந்தால் போடுங்கள். பேட் கையால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் அடியில் இன்னும் துரு இருக்கிறது. பேடின் இரண்டு முனையிலும் நீட்டியிருக்கும் காதைத் தேய்த்துச் சின்னதாக்கிப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது சம்மதமில்லை, தேய்க்க வேண்டியது பிராக்கெட்டை.

பிப்ரவரி 18

டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். முதலில் சின்னத் திருகாணி ஏதும் பிடித்திருக்கிறதா, ஸ்டட்டில் மெல்லிய தகட்டு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் துரு இளக்கும் எண்ணெயை ஸ்டட்டுகளைச் சுற்றியும் நடுவிலும் அடித்து ஊற விடுங்கள். பல டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும், பெரும்பாலும் எம் 8 போல்ட் ஏறும். இரண்டிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிஸ்க் தானாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். துளை இல்லையென்றால் பிராக்கெட் போல்ட் போகும் ஓட்டையில் ஒரு நீள போல்ட்டையும் நட்டையும் போட்டு டிஸ்க்கின் பின்புறத்தை நெம்பலாம், டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்றிக்கொண்டே. பெரிய சுத்தியலை ஓங்குவது கடைசி வழி, அடியெல்லாம் வீல் பேரிங்கில்தான் இறங்கும்.

நெருப்பு காட்டலாமா என்று கேட்டவருக்கு: பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர்கள் சுடரிலும் வெல்டிங் சூட்டிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. குளோரின் இல்லாத வகையோ பற்றி எரியும். உருப்படியான எண்ணெயும் பொறுமையும் இருந்தால் நெருப்பு தேவைப்படாது.

பேட் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரமாக்கித் துடையுங்கள்.

பிப்ரவரி 20

பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவது பற்றி. பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். அதற்கு முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். யாராவது இடையில் ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைத் திறந்து வைத்துக்கொண்டு தள்ள வேண்டுமா? பழைய அழுக்கு ஆயில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டுவரும் வண்டியில் இது தேவையில்லை என்றுதான் நினைத்துவந்தேன். இப்போது யோசித்தால், ஆயில் கறுத்துப் போயிருக்கும் வண்டிகளில் திறப்பதே நல்லது என்று தோன்றுகிறது, எப்படியும் அந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கிளாம்ப் அழுத்தம் இருக்கும்போதே திருகை மூட வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகும். அனுபவமில்லாதவர்கள் மூடியே வைத்துத் தள்ளிவிட்டு, தனியாக ஒரு நாள் ஆயிலை மாற்றுங்கள்.

ஆயில் ஏன் முக்கியம் என்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 புதிதில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 140 தான் எல்லை. டாட் 4-க்கு 230, 155. டாட் 5 என்பது சிலிக்கான், மற்றதோடு கலக்கக் கூடாது. 5.1 வேறு, பெயர் மட்டும்தான் பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 21

இந்தக் கொதிநிலையெல்லாம் ஓட்டப் பந்தயக்காரருக்குத்தான் என்று ஒருவர் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்கோடு 2500 கிலோ இருக்கும் பிக்கப் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நின்றால் ஏறக்குறைய 9 லட்சத்து 60 ஆயிரம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கை முன் பிரேக் வாங்குகிறது என்று வையுங்கள். டிஸ்க் ஒன்று 10 கிலோ என்றால், ஒரே ஒரு தடவை நிறுத்துவதில் இரண்டு டிஸ்க்கும் சுமார் 70 டிகிரி ஏறிவிடும். மலைச் சரிவில் ஆறாமல் திரும்பத் திரும்ப மிதித்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. அதனால்தான் சரிவில் கியரைக் குறைத்து இறங்கச் சொல்கிறார்கள், டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

பேட் வகையும் இதைப் பொறுத்துத்தான். பாரம் இழுக்கிற வண்டிக்கு செமி மெட்டாலிக் போடுவேன், தூசியும் சத்தமும் கொஞ்சம் கூடுதல்தான். காலியாக ஊருக்குள் ஓடும் வண்டிக்கு செராமிக் போதும். சில பேடின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று இரட்டை எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதைக் காட்டும். எஃப் என்றால் 0.35-க்கு மேல் 0.45 வரை, ஜி என்றால் 0.45-க்கு மேல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலைவிடக் குறைந்திருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் என்று பொருள்.

பிப்ரவரி 23

ஒருவர் சுட்டிக்காட்டியது சரி, நான் மேலே எழுதிய முறை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில பிக்கப்களில் நாலு பிஸ்டன் நிலைக் காலிப்பர், அங்கே ஸ்லைடு பின்னே கிடையாது, பேடைப் பிடித்திருக்கும் கம்பிகளை உருவினால் பேட் மேலே வந்துவிடும். டிஸ்க் மாற்ற காலிப்பரை முழுதாகக் கழற்ற வேண்டும். ஒரு பிஸ்டனைத் தள்ளும்போது எதிர்ப் பிஸ்டன் வெளியே வரும், அதைக் கவனியுங்கள். பழைய நாலு சக்கர இயக்க வண்டிகள் சிலவற்றில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டிருக்கும். அதற்கு ஹப்பையும் பேரிங்கையும் கழற்ற வேண்டும், முதல் தடவைக்காரருக்கு அது வேண்டாம்.

பிப்ரவரி 27

முதலில் கேட்டவர் டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் ஒன்று இரவல் வாங்கிவிட்டாராம், எப்படி அளப்பது என்கிறார். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

டிஸ்க்கை வாஷர் வைத்து எல்லா வீல் நட்டாலும் இறுக்குங்கள், சும்மா மாட்டிவைத்து அளந்தால் எண் பொய் சொல்லும். கேஜின் முனையை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து மெதுவாக ஒரு முழுச் சுற்று. பெரும்பாலான வண்டிகளுக்கு 0.05 மில்லிமீட்டருக்குள் வந்தால் நிம்மதி. கூடினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளங்கள், ஹப்பின் குறையும் டிஸ்க்கின் குறையும் ஒன்றையொன்று சரிக்கட்டும் ஒரு நிலை பெரும்பாலும் கிடைக்கும். எந்த நிலையிலும் இறங்கவில்லையா, டிஸ்க்கை எடுத்துவிட்டு ஹப் முகத்தையே அளங்கள்.

மார்ச் 2

முதலில் கேட்டவர் அளந்திருக்கிறார்! பழைய டிஸ்க்கோடு இடது பக்கம் 0.13. கழற்றினால் ஹப்பில் ஒரு ஸ்டட்டுக்குப் பக்கத்தில் துரு கட்டியாக நின்றதாம். சுரண்டிவிட்டுப் புது டிஸ்க் போட்டபின் 0.03. வாங்கியது சாதாரண ரகம்தான்.

மாட்டும்போது: வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். ஒன்று அதிகம் ஒன்று குறைவு என்று இருந்தாலே டிஸ்க் கோணும். சக்கரம் தொங்கும்போது கையால் நட்டுகளை ஒட்ட வைத்து, தரையில் இறக்கியபின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் எதிர் எதிராக இறுக்குங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும். 2015-க்குப் பிந்தைய ஃபோர்டு எஃப்-150-க்கு 204 நியூட்டன் மீட்டர், செவ்ரோலே சில்வராடோ 1500-க்கு 190. உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதைப் பாருங்கள். பிராக்கெட், ஸ்லைடு பின் அளவுகள் பட்டறைக் கையேட்டில் இருக்கும், ஊகத்தில் இறுக்க வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டை ஒரு தடவை சரிபாருங்கள்.

மார்ச் 2, பத்து நிமிடம் கழித்து

இதைத் தனியாக எழுதுகிறேன், யார் கண்ணிலிருந்தும் தப்பக் கூடாது. வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை மெதுவாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கெட்டியாக வரும்வரை. பிஸ்டன்கள் உள்ளே தள்ளியிருக்கின்றன, முதல் மிதி நேரே தரைக்குப் போகும். ரிவர்ஸ் போட்டபின் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. பிறகு ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடியை மூடுங்கள்.

மார்ச் 4

புது பேடைப் பழக்குவது: காலியான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை நிதானமாக வேகத்தைக் குறையுங்கள், முழுதாக நிற்காமல், இடையில் கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, பத்து தடவை போல. பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுதான். பேட் பொருள் டிஸ்க் மேல் மெல்லிய படலமாக, சுற்றிலும் ஒரே சீராகப் படிய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். சூடாக இருக்கும்போது சிக்னலில் பெடலை அழுத்தி நின்றால் பேடின் அச்சு அந்த இடத்தில் பதிந்து, அதிலிருந்தும் உதறல் பிறக்கும். அடுத்து கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

ஒரு வாசனை வரும், லேசான புகையும் வரலாம், பூச்சு எரிவதுதான். ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் வந்தால் நிறுத்திப் பாருங்கள். உள்ளங்கையை சக்கரத்துக்குப் பக்கத்தில் காட்டி, தொடாமல், இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

மார்ச் 9

பின் டிஸ்க்குக்கும் இதே முறைதானா என்று கேட்கிறார்கள். ஹப் சுத்தம், கிரீஸ், இறுக்கும் முறை எல்லாம் அதேதான். ஆனால் ஹேண்ட் பிரேக் மின்மோட்டாரில் இயங்கும் வண்டி என்றால் பின் பிஸ்டனை கிளாம்ப் போட்டு அழுத்தாதீர்கள், மோட்டாரின் பல்சக்கரம் போய்விடும். முதலில் ஸ்கேனராலோ கையேடு சொல்லும் பொத்தான் வரிசையாலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கேபிள் வகையில் சில பிஸ்டன்கள் திருகித்தான் உள்ளே போகும், அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டியிருப்பதால் முன் சக்கரக் கட்டைகளை இன்னும் அழுத்தமாக வையுங்கள்.